பூச்சே இல்லாத ஃபைபரும் ஹைட்ரஜனைக் காட்டியது

உலைக்குள்ள ஒளி கடத்தும் கண்ணாடி இழையை (ஃபைபர்) விட்டு வாயு அளந்தவர்கள் யாராவது இருந்தால் இதைப் படியுங்கள். எனக்கு இரண்டு மாதம் வீணாய்ப் போனது.

800 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் அளக்க வேண்டும். ஃபைபரின் பிளாஸ்டிக் உறையை உரித்து, ஒளி ஓடும் நடுப்பகுதியான கோரைச் சுற்றியுள்ள கண்ணாடி அடுக்கை (கிளாடிங்) அமிலத்தில் கரைத்து மெலிதாக்கி, மேலே லாந்தனம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பூசினோம். ஹைட்ரஜன் பட்டால் அந்தப் படலம் ஒளியை விழுங்கும் அளவு மாறும், கணக்கு அவ்வளவுதான். நைட்ரஜன் ஓட்டத்தில் 5 சதவீதம் ஹைட்ரஜனைக் கலந்ததும் வெளிச்சம் இறங்கியது. ஆளுக்கொரு டீ குடித்துக் கொண்டாடினோம்.

ஹைட்ரஜனை நிறுத்தினோம். கோடு ஏறியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. அடுத்த சுற்றில் இன்னும் கீழே. 'படலம் செட்டாகிறது' என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

அதுவரை மொத்த வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை மாட்டினால், 1390 நானோமீட்டரை ஒட்டி கிணறு மாதிரி ஒரு பள்ளம். சுற்றுக்குச் சுற்று ஆழமாகிக்கொண்டே போனது. சந்தேகம் வந்து பூச்சே இல்லாத ஃபைபரை உள்ளே விட்டோம். அதிலும் அதே பள்ளம்! ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஊறி, சிலிக்காவோடு சேர்ந்து ஹைட்ராக்சில் (OH) ஆகிவிட்டது. அதுதான் அந்த அலைநீளத்தில் ஒளியைத் தின்றது. படலத்தின் மாற்றமோ அகலமாக, ஸ்பெக்ட்ரம் முழுக்கப் பரவி நிற்கும். இப்போது ஜெர்மேனியம் கலக்காத தூய சிலிக்கா கோர் ஃபைபர்தான் வாங்குகிறோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே பூச்சில்லாத ஒன்றும் ஓடும். பள்ளம் அடியோடு போய்விடவில்லை, சிறுத்திருக்கிறது.

—

எங்களுக்கு வில்லன் வாயு இல்லை, விரல். உரித்த ஃபைபரை வெறுங்கையால் பிடித்து உலையில் வைத்துவிட்டு, இரவு முழுக்க 1000 டிகிரிக்கு மேல் விட்டோம். காலையில் கை பட்ட இடத்தில் மட்டும் பால் நிறத்தில் வெளுத்திருந்தது. சாமணத்தால் தொட்டேன், பொடிந்து விழுந்தது. வியர்வை உப்பிலுள்ள சோடியம் கண்ணாடியைப் படிகமாக்கிவிடுகிறது. அன்றிலிருந்து கையுறை போடாதவரை உலைப் பக்கமே விடுவதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்காமல் எதுவும் உள்ளே போகாது. சஃபையர் ஃபைபருக்கு மாறலாமே என்பார்கள். அது 2000 டிகிரி வரை உருகாது, உண்மைதான். ஆனால் சரியான கிளாடிங் கிடையாது, ஒளி பல பாதைகளில் சிதறி சிக்னல் அலங்கோலமாகிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால்தான் நான் அதைத் தொடுவேன்.

—

முதலில் ஹைட்ரஜன் பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி: லேசரை அணைத்துவிட்டு, ஒளியை அளக்கும் டிடெக்டரைப் பார்த்தீர்களா? நான் பார்த்தபோது முள் பூச்சியத்துக்கு வரவே இல்லை. உலைச் சுவரின் சிவப்பு வெளிச்சமும் ஃபைபர் வழியே வந்துகொண்டிருந்தது. லேசரைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் விட்டுவிட்டு எரியவைத்து, லாக்-இன் பெருக்கியால் அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்த பிறகுதான் எண்கள் நின்றன.