புதுப்பிப்பு: மண்டபத்துச் சத்தம், பொலிசுக்குப் போன பிறகு

மட்டக்களப்பில் எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள கலியாண மண்டபத்தில் நடுச்சாமம் தாண்டியும் பாட்டுப் போடுகிறார்கள், படுக்கையிலிருக்கும் அம்மா கண்மூடுவதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். மாநகர சபைக்குப் போகச் சொன்னீர்கள். போனேன். ஒலிபெருக்கி அனுமதி பொலிஸ் கொடுப்பது என்றார்கள்.

அப்புறம் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சமய விழா போன்ற விசேஷங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்குமுன் அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்டுப் பதிய வேண்டும், காரணத்தை எழுதி நீதவானுக்கும் அறிவிக்க வேண்டும். எங்களிடம் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை! இதைத்தான் நான் பொலிசுக்குக் கொடுத்த முறைப்பாட்டில் முதலாவதாக எழுதினேன். 1996ஆம் ஆண்டு சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதியில் மாநகரப் பகுதிக்கு இரவில் 50 டெசிபல்தான் எல்லை என்பதையும் சேர்த்தேன்.

அயலில் ஆறு வீட்டார் கையொப்பம் வைத்தார்கள். பொலிசில் மண்டபக்காரரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் மறுக்கவில்லை, கலியாண வீட்டார்தான் நிறுத்த விடுவதில்லை என்றார். சரி, அதிலும் உண்மை இருக்கிறது.

அதன்பின் இரண்டு கலியாணம் நடந்தது. இரண்டிலும் பத்து மணிக்குப் பாட்டு நின்றது. அம்மா தூங்கினார்.