மோட்டார் கிட் பொருத்திய பின் பிரேக் கம்பி இறுகுகிறது, மோட்டாரும் இடையிடையே நிற்கிறது

வெள்ளவத்தைச் சைக்கிள்காரன் கேட்டது:

வணக்கம். நான் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அண்மையில் 36 வோல்ட், 250 வாட் முன்சில்லு மோட்டார் கிட் ஒன்றைப் பொருத்துவித்தேன். சைக்கிள் 26 அங்குலச் சில்லுடையது. முன்னும் பின்னும் வி பிரேக் (இரண்டு நீளமான கைகள் ரிம்மை இரு பக்கமிருந்தும் அழுத்தும் வகை). பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள லீவர்கள் கிட்டுடன் வந்ததால் பழைய லீவர்களைக் கழற்றிவிட்டார்கள். கம்பியும் அதை மூடியிருக்கும் உறையான அவுட்டரும் மட்டும் பழையவை.

அன்றிலிருந்து லீவரை அழுத்தினால், பிரேக் கட்டைகள் ரிம்மை நன்றாகப் பிடிப்பதற்கு முன்பே அது ஹான்டிலைத் தொட்டுவிடுகிறது. மழையில் நனைந்த பிறகு, விட்ட லீவர் முழுவதும் திரும்பி வருவதில்லை. அத்துடன், குறிப்பாக ஹான்டிலைத் திருப்பும்போது, மோட்டார் நின்று நின்று ஓடுகிறது. பொருத்தியவர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் பழுது என்கிறார். தெரிந்த ஒருவரோ சுவிட்ச் வயரைக் கழற்றி எறிந்துவிடச் சொல்கிறார். பணம் செலவழிப்பதற்கு முன், குறை பிரேக் பக்கத்தில் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறியலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் திருத்துநர் எழுதியது:

தம்பி, கொன்ட்ரோலருக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். வி பிரேக்கில் லீவரைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளுவது பெரும்பாலும் சில்லின் பக்கத்திலுள்ள பிரேக் கைகளின் ஸ்பிரிங்தான். அந்த விசை கம்பி வழியாகவே லீவருக்கு வந்து சேர வேண்டும். அவுட்டருக்குள் துருவோ கூர்மையான வளைவோ இருந்தால் விசை வழியிலேயே செலவாகி, லீவர் சிறிதளவு உள்ளே நின்றுவிடும். அந்தச் சிறிதளவே சுவிட்சுக்குப் போதும். நீங்கள் பிரேக்கை இன்னும் பிடித்திருப்பதாக எண்ணிக் கொன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்துகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு லீவர்களின் சுவிட்ச் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிறகு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு ஹான்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்புங்கள். மோட்டார் நிற்காமல் ஓடினால் குறை லீவர் பக்கத்தில்தான் இருக்கிறது. பிளக்குகளை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்தால் எந்த லீவர் என்பதும் தெரிந்துவிடும். அந்த லீவரின் அவுட்டர், மோட்டார் வயருடன் சேர்த்துப் பிளாஸ்டிக் டையால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கட்டினால் ஹான்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவுட்டர் இழுபட்டு லீவரும் அசையும். அந்த டையை வெட்டிவிட்டு, இரு பக்கமும் தாராளமாகத் திரும்பும் அளவுக்கு அவுட்டரைத் தனியே விட வேண்டும்.

லீவர் ஹான்டிலைத் தொடுவது வேறு கதை. வி பிரேக்கின் கைகள் நீளமானவை. அவற்றுக்குக் கம்பி அதிகமாக இழுபட வேண்டும். கிட்களுடன் வரும் லீவர்களில் சில, கம்பி குறைவாக இழுபட்டாலே போதுமான, குட்டைக் கைகளுள்ள கலிப்பர் பிரேக்குக்கானவை. அத்தகைய லீவரை வி பிரேக்குடன் சேர்த்தால் பிடி மென்மையாக இருக்கும், ஆனால் கட்டைகள் அழுத்துவதற்கு முன்பே லீவரின் ஓட்டம் முடிந்துவிடும். கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் கட்டைகள் ரிம்மில் உரசுமே தவிர, இந்தக் குறை தீராது.

தெஹிவளை வாசகி எழுதியது:

திருத்துநர் ஐயா சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். பழைய கம்பியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மூலையிலிருந்து வெளியே எடுத்த சைக்கிள்களில் பல இப்போது மோட்டாருடன் ஓடுகின்றன, ஆனால் அவற்றின் பிரேக் கம்பியை யாரும் தொடுவதில்லை. காலி வீதியும் மரைன் டிரைவும் கடலை ஒட்டியவை; உப்புக் காற்றும் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்தால் நாகம் பூசிய சாதாரணக் கம்பி அவுட்டருக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். வெளியே தெரியும் பகுதி பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். துருவேறாத எஃகுக் கம்பியும், உள்ளே வழுவழுப்பான குழாய் உள்ள புதிய அவுட்டரும் வாங்குங்கள். பிரேக் கம்பி 1.5 அல்லது 1.6 மில்லிமீற்றர் தடிப்புடையது, அதன் அவுட்டர் பெரும்பாலும் 5 மில்லிமீற்றர்.

கடையில் கியர் அவுட்டரைத் தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் எஃகு இழைகள் நீளவாக்கில் கிடக்கின்றன. பிரேக் அவுட்டரில் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது கியர் அவுட்டர் பிளந்துவிடக்கூடும், அதுவும் மிக அவசரமான தருணத்தில்தான் நடக்கும். அவுட்டரை வெட்டிய பின் முனையை அரத்தால் சமப்படுத்தி, நசுங்கிய உட்குழாயை ஊசியால் திறந்து, முனைத் தொப்பியை மறக்காமல் போடுங்கள். பிரேக் கையருகே உள்ள வளைந்த உலோகக் குழாயில் நீர் தேங்கும். அதையும் மாற்றிவிடுவது நல்லது, விலை மிகக் குறைவு.

மட்டக்குளி ஓட்டுநர் எழுதியது:

சுவிட்ச் வயரை நிரந்தரமாகக் கழற்றும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெடலை நிறுத்திய பின்னும் உதவி மோட்டார் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும் கிட்கள் உள்ளன. பம்பலப்பிட்டியில் முன்னால் போகும் பஸ் திடீரென நிற்கும்போது அந்த ஒரு கணம் பெரியது. மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடிய சைக்கிள் 25இல் ஓடினால், எடை மாறாவிட்டாலும் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ஏறத்தாழ 2.8 மடங்காகிறது, இங்கே மோட்டாரின் எடையும் பற்றரியின் எடையும் கூடுதலாக இருக்கின்றன. பழைய லீவர்கள் நல்லவை என்றால் அவற்றையே மீண்டும் பொருத்தி, லீவரில் ஒட்டும் காந்தச் சென்சரையோ கம்பியின் இடையில் இணைக்கும் சென்சரையோ தனியாக வாங்கிப் போடலாம். கொன்ட்ரோலரின் பிளக்குக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

வெள்ளவத்தைச் சைக்கிள்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பிளக்குகளைக் கழற்றிச் சோதித்தபோது மோட்டார் தடையின்றி ஓடியது. முன் லீவரின் பிளக்கை இணைத்து ஹான்டிலை இடப்பக்கம் திருப்பியதும் நின்றது. கம்பிகளையும் அவுட்டரையும் மாற்ற முடிவு செய்துவிட்டேன். லீவரைத் திறந்து பார்த்ததில், கம்பியின் தலை அமரும் இடத்தில் இரண்டு குழிகள் உள்ளன. அதற்கு ஏதேனும் பொருள் உண்டா, ஐயா?

கொட்டாஞ்சேனைத் திருத்துநர் எழுதியது:

உண்டு, தம்பி. அப்படியென்றால் லீவரை மாற்றும் செலவும் உங்களுக்கு இல்லாமல் போகலாம். லீவர் சுழலும் ஆணியிலிருந்து தொலைவில் உள்ள குழியில் தலையை வைத்தால் கம்பி அதிகமாக இழுபடும். வி பிரேக்குக்கு அதுவே உரியது. இப்போது அருகிலுள்ள குழியில் இருக்கும் என்று நினைக்கிறேன். முன்சில்லு புதியது என்பதால், கட்டைகள் டயரில் படாமல் ரிம்மின் நடுவில் படுகின்றனவா என்பதையும் சரிபாருங்கள். பழைய ரிம்மின் அகலமும் புதியதன் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கம்பியைப் பிடிக்கும் போல்ட்டை 6 முதல் 8 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கி, வீதிக்குப் போவதற்கு முன் லீவரை முழுப் பலத்துடன் பல முறை அழுத்திப் பாருங்கள். புதிய அவுட்டர் முதல் சில நாட்களில் சற்று அமர்ந்து கம்பி தளரும். அப்போது கம்பி லீவருக்குள் நுழையும் வாயிலுள்ள திருகைக் கொஞ்சம் வெளியே திருப்பினால் போதும்.