பழைய பைபர் படகு வாங்க சர்வேயர் அவசியமா?

செல்லூரான்: மண்டபத்தில் மச்சான் ஒரு பழைய பைபர் படகைப் பார்த்து வைத்திருக்கிறார். பாதிப் பணம் என்னுடையது. படகைச் சோதித்து ரிப்போர்ட் தரும் சர்வேயரை வைத்துப் பார்க்கலாம் என்றால், "படகு கட்டும் ஓடாவி பார்த்துட்டார், அது போதும்" என்கிறார். எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன செய்யலாம்?

பாம்பன்காரன்: மச்சான் சொல்வதுதான் சரி. படகு கட்டியே கை காய்த்தவருக்குத் தெரியாததா சர்வேயருக்குத் தெரியப்போகிறது? தண்டச் செலவு.

தெப்பக்குளத்தான்: ஓடாவிக்குத் தெரியாது என்று யார் சொன்னது? விற்பவரும் அதே கரைதானே? நாளைக்கு ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போகணும். "பின்பலகை ஊறிப்போச்சு" என்று எப்படி வாயைத் திறப்பார்? ஆனையூரில் இரண்டு சென்ட் வாங்கினால்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், விற்கிறவர் சொன்னார் என்று விட்டுவிடுகிறோமா?

பாம்பன்காரன்: அப்போ சர்வேயர் மட்டும் யோக்கியரா? விற்பவரே ஆளைக் காட்டிவிட்டால்?

தெப்பக்குளத்தான்: அதனால்தான் வாங்குகிறவரே ஆளைத் தேடி, தானே காசு கொடுக்கணும் என்கிறேன். பைபர் படகின் வியாதி வெளியே தெரியாது. எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும், மேலே பைபர் பளபளவென்று நிற்கும். விற்கும் நேரத்தில் புதுப் பெயிண்ட் வேறு அடித்துவிடுவார்கள். சின்னச் சுத்தியலால் நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டணக்' என்னும். உள்ளே பைபர் அடுக்கு ஒட்டு விட்டுப்போன இடம் 'பொத்' என்னும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகை அசைந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பாம்பன்காரன்: சுத்தியல் ஓடாவியிடமும் இருக்கு அண்ணே. உங்க சர்வேயர் கொண்டுவரும் ஈர மீட்டர் இருக்கே, காலையில் கரையேற்றிய படகில் எங்கே வைத்தாலும் ஈரம்தான் காட்டும். அதைவிட அந்தப் படகைத் தினம் கரைக்கு இழுக்கிறவர்களிடம் பேசிப் பாருங்க. முன்னைக்கு இப்போ கனக்குது என்றால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கு என்று அர்த்தம். இது எந்த ரிப்போர்ட்டில் வரும்?

தெப்பக்குளத்தான்: நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலையைக் குறைக்கவும் இன்சூரன்ஸ் போடவும் எழுத்தில் ஒன்று வேண்டுமே.

மேலூர் மெக்கானிக்: இரண்டு பேரும் எஞ்சினை மறந்துட்டீங்களே! படகு பார்க்கிறவர் பல நேரம் எஞ்சினைப் பிரிக்க மாட்டார், அதற்குத் தனி ஆள் வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம், கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். அப்புறம் கடலில் ஓட்டிப் பார்க்கணும், கரையில் உறுமவிட்டுக் காட்டுவதை நம்பாதீங்க. மீன்வளத் துறைப் பதிவில் யார் பெயர், எஞ்சின் நம்பர் ஒத்துப்போகுதா என்பதையும் பாருங்க.

பாம்பன்காரன்: சரி, வெளியாளே பார்க்கட்டும். அப்படியானால் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஓடாவியைக் கூட்டி வாங்க, சர்வேயர் செலவில் பாதிகூட ஆகாது.

தெப்பக்குளத்தான்: அதுவும் சரிதான், எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்றால். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, சோதனையில் பழுது தெரிந்தால் பணம் திரும்பி வரும் என்று எழுதி வாங்கிடுங்க சேர்த்து.

செல்லூரான்: அட்வான்ஸை மச்சான் நேற்றே கொடுத்துவிட்டாராம். துண்டுச் சீட்டுகூட இல்லை. இன்று ராத்திரி பஸ் ஏறுகிறேன்.