லாஸ்ட் சான்ஸ் டூரிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'இறுதி வாய்ப்புச் சுற்றுலா' என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஐயா, வணக்கம். பருவநிலை மாற்றத்தால் அழிந்துவரும் இடங்களை, அவை இருக்கும்போதே பார்த்துவிடப் போவதைத்தானே ஆங்கிலத்தில் 'லாஸ்ட் சான்ஸ் டூரிசம்' என்கிறார்கள். உங்கள் சொல் அதற்குப் பொருந்துகிறதுதான். ஆனால் யாருக்கு இறுதி வாய்ப்பு? பார்க்கப் போகிறவருக்கு. பொலிவியாவின் சாக்கல்தாயா பனியாறு 2009-இல் முற்றிலும் உருகிப்போனது. 5,000 மீட்டருக்கு மேலே பனிச்சறுக்கு நடந்த இடம். சறுக்க வந்தவர்கள் வேறு மலைக்குப் போய்விடலாம். அந்தப் பனியை நம்பிப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? இழக்கப்போவது எது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இங்கே அம்மையார் ஒருவர் நேற்றுத் தந்த 'மறையுமுன் சுற்றுலா' அந்த வகையில் நல்ல சொல். 'வருமுன் காப்போம்' பழகிய காதில் உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பொழுது மறையுமுன் போய்வரும் மாலை உலா என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதைவிட, மறைதல் தானாக நடப்பது. பனியாறு தானாக மறையவில்லை.

பிரான்சில் மேர் த கிளாஸ் பனியாறு இருக்கிறதே, அங்கே 1988-இல் கம்பிவட ஊர்தியிலிருந்து இறங்கியதும் சில படிகளில் பனியைத் தொட்டுவிடலாம். பனி கீழே போகப்போகப் படி கட்டிக்கொண்டே போனார்கள், 500-ஐயும் தாண்டிவிட்டது. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழியில் பலகைகள் வேறு. ஒவ்வொரு பலகையாகக் கடந்து இறங்குகிறவருக்கு 'மறைகிறது' என்று தோன்றாது. 'அழிகிறது' என்றுதான் தோன்றும். ஆகவே என் பரிந்துரை: அழியுமுன் சுற்றுலா.

> பவளத்திட்டு வெளிறினாலே அழிந்ததாகிவிடுமா?

ஆகாது அம்மா. கடல் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. சூடு தணிந்தால், பாசியை மீண்டும் ஏற்றுப் பிழைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்துப் பெருமளவில் வெளிறியது. தேறுவதற்கு அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. அப்படியும் 'அழிந்துவிட்டது' என்று நம் சொல் அடித்துச் சொல்லவில்லை. 'முன்' அதைத் தடுக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது அந்த 'முன்'தான்.

வரையறைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'பருவநிலை மாற்றத்தால் அழிந்துவரும் ஒன்றை, அது இருக்கும்போதே பார்த்துவிடச் செல்லும் பயணம். விமானப் பயணத்தின் கரிம உமிழ்வால் அந்த அழிவை இதுவும் விரைவுபடுத்துகிறது.'

இரண்டாம் வாக்கியத்தை அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். வரையறைக்குள்ளேயே இருக்கட்டும் என்பேன். தங்கள் கருத்து?