உதரவிதானத்தில் ஓட்டை: தொப்புள்கொடியை உடனே வெட்டத்தான் வேண்டுமா?

யீஷூன்வாசி:
மனைவிக்கு 26 வாரம். டீடெயில்டு ஸ்கேனில் குழந்தையின் உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இடப்பக்கம் ஓட்டை இருப்பது தெரிந்தது. இரைப்பையும் குடலும் நெஞ்சுக்குள் ஏறிவிட்டன, நுரையீரல் சின்னதாக இருக்கிறது. பிறந்ததும் கொடியை வெட்டிவிட்டு மூச்சுக்குழலுக்குள் குழாய் போடுவோம் என்கிறார் டாக்டர். பிரசவ வகுப்பிலோ ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொன்னார்கள். துடிப்பு நிற்காமல் வெட்டவே கூடாது என்று மன்னார்குடியிலிருந்து மாமியார் தினமும் போன் போடுகிறார். எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? ராத்திரி தூக்கமே இல்லை.

தேக்கா அக்கா:
தம்பி, நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. மாமியார் சொல்வது நல்லபடியாகப் பிறக்கும் பிள்ளைக்கு முழுக்கச் சரி. உலகச் சுகாதார நிறுவனமும் 1 முதல் 3 நிமிடம் என்றுதான் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு முதல் மூச்சே சிரமம். முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தினால் காற்று இரைப்பைக்கும் போகும். நெஞ்சில் இருக்கிற இரைப்பை உப்பி, இருக்கிற கொஞ்ச நுரையீரலையும் நசுக்கும். அதனால்தான் நேராக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய், காற்றை உறிஞ்ச இரைப்பைக்கு இன்னொரு குழாய். அதற்கான மேசை தள்ளி இருக்கும், கொடி அவ்வளவு தூரம் எட்டாது.

ஆனால் நீங்கள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. வயிற்றில் இருக்கும்வரை இதயத்தின் இடப்பக்கத்துக்குப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி ரத்தம்தான். நுரையீரல் விரிந்தபின் அங்கிருந்து வரும். விரியும் முன்பே வெட்டினால் இரண்டும் இல்லாமல் இதயம் திணறும், துடிப்பு இறங்கும். அதனால் சில இடங்களில் தாயின் பக்கத்திலேயே சின்ன மேசை போட்டு, கொடி அறாமலே குழாய் வைத்து, நுரையீரலில் காற்று போனபின் வெட்டிப் பார்க்கிறார்கள். நெதர்லாந்தில் பின்க், பிரான்சில் சிக் என்று இதற்கென்றே ஆய்வுகள் தொடங்கினார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் காற்று போய்விட்டதா என்று பார்க்கும் முறை இது. எல்லா மருத்துவமனையிலும் இன்னும் வழக்கமாகவில்லை.

புங்கோல் அம்மா:
என் மகனுக்கும் இதேதான், இப்போது தொடக்கநிலை 2. அவனுக்கு உடனேதான் வெட்டினார்கள். அழுகைச் சத்தம் கேட்காது என்று தாதி முன்னாலேயே சொல்லிவைத்தார். அது பெரிய உதவி, உங்கள் மனைவிக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம், ஆபரேஷன் அன்றைக்கே நடக்காது. நுரையீரலில் ரத்த அழுத்தம் தணிந்து பிள்ளை நிலைப்பட்டபிறகுதான். கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா என்று கேட்டீர்களா?

யீஷூன்வாசி:
கல்லீரல் கீழேதான் இருக்கிறதாம் அக்கா. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். கொடியோடு குழாய் போடச் சொல்லிக் கேட்கட்டுமா?

தேக்கா அக்கா:
தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இப்போதே. “உங்கள் குழுவுக்கு இதில் பழக்கம் உண்டா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் தம்பி. பழகிய கை சட்டென்று குழாய் போடுவதுதான் அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பச்சிளங்குழந்தை டாக்டரையும் பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துப் பேச நேரம் வாங்குங்கள்.