வாசப்படிக்கு அடியில தகடு கிடைச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

லயத்துப் பொண்ணு:
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டம், லயத்துல இருந்தோம், அதான் தோட்டத்து ஆளுங்க வரிசை வீடு. இப்ப ரப்பர் போயி எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. 1998-ல அப்பா மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சுது, அதே மாசம் தங்கச்சிக்கு அம்மை. வாசப்படிப் பலகையைப் பேத்தா உள்ள செப்புத் தகடு, கட்டம் கட்டமா நம்பர். செய்வினைதான்னு முடிவாச்சு. யார் வச்சதுன்னும் முடிவாச்சு, பக்கத்து வீட்டு அத்தை. அம்மா அதை வாழையிலையில வச்சு, எலுமிச்சம்பழம் குங்குமத்தோட, லயமே பார்க்க அத்தை வாசல்ல போட்டாங்க. அத்தை அப்பதான் ரப்பர் வெட்டு முடிஞ்சு வந்து பால் வாளியோட நின்னாங்க. கத்தல. "அண்ணி, எடுத்து உள்ள வச்சிக்குங்க"ன்னாங்க, அவ்வளவுதான். மிரட்டுறாங்கன்னு நெனச்சோம். அந்த வாளி கையில ஆடுனது இன்னும் கண்ணுல நிக்குது.

கம்போங் ராஜா:
எங்க வீட்ல போமோ கதை, அதான் மலாய்க்கார மந்திரவாதி. தம்பி ராத்திரியானா வீறிட்டு அழுவான். மஞ்சத் துணியில சுத்தின தாள் ஒன்னு கொடுத்தாரு. பாட்டி அதையும் முனியாண்டி கோயில் கறுப்புக் கயிறையும் ஒரே கையில கட்டுச்சு, யார் முதல்ல வந்தாலும் சரின்னு. நான் பிரிச்சுப் பார்த்து அடி வாங்கினேன். உள்ள ஒன்பது கட்டம், அரபு எழுத்து. உங்க தகட்டுல என்ன நம்பர்?

லயத்துப் பொண்ணு:
அதுவும் ஒன்பது கட்டம்தான். மேல் வரி 27, 20, 25. பள்ளி நோட்டுல எழுதி வச்சிருந்தேன்.

கணக்கு வாத்தி:
அக்கா, அது குபேர எந்திரம்! வெள்ளிக்கிழமை மாவுல போட்டு கட்டத்துக்கு ஒரு காசு வைப்பாங்களே, அதேதான். அடுத்த வரி 22, 24, 26. கடைசி 23, 28, 21. நெடுக்கா, குறுக்கா, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 72. எல்லாத்துலயும் 19-ஐக் கழிச்சுப் பாருங்க: 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2. இப்ப கூட்டு 15. சீனங்க லோ ஷூங்கிறது இந்தக் கட்டம்தான், மேல் வரியும் கீழ் வரியும் மட்டும் இடம் மாறியிருக்கும். அரபு தாயத்துலயும் இது உண்டு, அரபுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு, மூலையில வர்ற 2, 4, 6, 8-க்கு உரிய எழுத்தைச் சேர்த்து புதூஹ்னு படிப்பாங்க. ராஜா தம்பி கையில இருந்ததும் இதுவா இருக்கலாம். செய்வினை இல்லக்கா, பணம் சேர வைக்கிறது.

முனியாண்டி தாசன்:
வாத்தி, கூட்டல் சரி. குபேரனை எவனாச்சும் கால் படுற எடத்துல வைப்பானா? வச்சவன் மனசைக் கூட்டிப் பார்க்க முடியுமா? எனக்கு இப்படி ஒன்னும் நடக்கல, ஆனாலும் சொல்றேன். தகடு கிடைச்சா வெறுங்கையில தொடாதீங்க, மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுங்க. ஈயத் தகடுன்னா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. ஓடுற தண்ணியில விடுங்க, குட்டையில வேணாம். தாயத்துக் கயிறு அறுந்தா திரும்ப முடிச்சுப் போடாதீங்க, புதுக் கயிறு மாத்துங்க. சாவு வீட்டுக்குப் போறப்ப கழட்டிட்டுப் போங்க. குப்பியில அரக்கு விட்டு அடைங்க, இல்லன்னா குளிக்கிறப்ப தண்ணி ஏறிடும். என் பேரன் தொப்புள்கொடி வச்ச தாயத்து அப்படித்தான் வீணாப்போச்சு.

லயத்துப் பொண்ணு:
கூட்டிப் பார்த்தேன் வாத்தி. 72.
அந்த வீட்ல எங்களுக்கு முன்னாடி அத்தை குடும்பம்தான் இருந்துச்சு. இப்ப ஈப்போவுல மக வீட்ல இருக்காங்களாம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "காசு வைக்கிற கோலமா?"ன்னாங்க. அப்புறம் அடுப்புல குழம்பு இருக்குன்னு போனை வச்சிட்டாங்க.