மறு: வீடியோ ஈமெயிலுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

> 'குரலஞ்சல்' இருக்கிறதே, அதே வழியில் 'காணஞ்சல்' என்று வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கும்.

சுருக்கம்தான் அண்ணா, ஆனால் 'காண அஞ்சல்' என்று பிரித்து வாசித்துப் பாருங்க, பார்க்கவே பயப்படுவது என்றாகிவிடும். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கணனி வகுப்பில் இதைச் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடந்த மாதிரிதான். இங்கே இன்னொருவர் சொன்ன 'ஒளியஞ்சல்' ஃபைபர் வழியாக வருகிற ஏதோ ஒன்று மாதிரி இருக்கிறது, வேண்டாம்.

என் ஓட்டு 'காணொளி மடல்'. தோட்டத்து லயத்தில் வீடியோ கடுதாசி என்றே சொல்லிவிட்டுப் போவார்கள், அது நல்ல பெயர்தான், இருந்தாலும் கணனிக் கைநூலில் அச்சிட ஒன்று வேண்டுமே. அஞ்சல் என்றால் கொண்டுபோகிற ஏற்பாடு, மடல் என்றால் போகிற சங்கதி. இங்கே அந்த வித்தியாசம் வேண்டும், ஏனென்றால் பாதி நேரம் வீடியோ மெயிலுக்குள் போவதே இல்லை. மெயில் எழுத்துக்கென்று செய்யப்பட்டது, அதனால் வீடியோவின் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது, 12 எம்பி கோப்பு வழியில் 16 எம்பி ஆகிவிடும். ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டினால் வீடியோ கூகுள் டிரைவுக்குப் போய்விடும், மடலில் அதன் முகவரி மட்டும்தான் இருக்கும். வெப்கேமில் சின்ன அளவில், விநாடிக்கு 1 மெகாபிட் என்று பதிந்தால் நிமிடத்துக்கு 7.5 எம்பி (8 பிட் ஒரு பைட்), வழியில் பெருகுவதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நிமிடம் பேசலாம், அதற்கு மேல் டிரைவ்தான்.

இதைவிடப் பெரிய தலைவலி 'இணைப்பு'. மெயிலோடு வருகிற கோப்பும் இணைப்பு, அழுத்தினால் திறக்கிற முகவரியும் இணைப்பு, இன்டர்நெட்டும் இணைப்பு. கட்டாரிலிருந்து மகன் போனில் "இணைப்பு வந்திச்சாம்மா?" என்று கேட்டால், பண்டாரவளையில் அம்மா எழும்பிப் போய் ரவுட்டரில் எந்த லைட் எரிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அவர்மேல் என்ன பிழை?

அதனால் 'இணைப்பு' இன்டர்நெட் லைனுக்கு மட்டும் இருக்கட்டும். மடலுக்குள்ளேயே போகிற வீடியோ 'உடன்கோப்பு', டிரைவில் இருப்பதைக் காட்டுவது 'தொடுப்பு'. தொடுப்பு அனுப்பும்போது பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வீடியோவுக்குப் பதில் அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம்தான் வரும். இப்படி எழுதும்போது உடன்கோப்புக்கு இந்த வேலை கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், ரெண்டையும் இணைப்பு என்று வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்க.

வெப்கேமை வெப்கேம் என்றே விடுவோம். 'உடன்கோப்பு' வாயில் நுழையவில்லை என்பவர்கள் வேறு சொல் அனுப்புங்க, 'பின்னிணைப்பு' மட்டும் வேண்டாம், அது புத்தகத்தின் கடைசியில் வருவது.